பேர் வெட்டாத பட்டன்

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. ஆத்தாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவில் தொடங்கி, போன ஐப்பசியில் நான் வாங்கிய எவர்சில்வர் தூக்குவாளி வரைக்கும் எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே எழுத்து இருக்கும். காரைக்குடிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலக்கும். விசேஷம் முடிந்ததும் விலாசத்தைப் பார்த்துப் பிரித்து அவரவர் வீட்டில் சேர்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவார். இப்போது மெஷின் வந்துவிட்டது, அது கோடாக இழுத்துவிடுகிறது. எனக்கு உளிப் புள்ளிதான் வேண்டும். விரலை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும்.

எனக்குப் பார்வை முழுதாகப் போய் எட்டு வருஷம் ஆகிறது. எந்த மூடி எந்தத் தூக்குக்கு, எந்த அடுக்கு யார் வீட்டுடையது என்று இன்றும் எங்கள் வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்திருப்பது செல்போனைப் பற்றி. அதில் ஒரு பட்டனுக்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

நான் பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை, மனகோலம், சொல்லி வைத்தால் அதிரசம். உதவிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். எண்ணெய்ப் பக்கம் நான்தான் நிற்பேன். தேன்குழல் வெந்ததா இல்லையா என்பதைச் சட்டியின் சத்தம் சொல்லிவிடும். போட்டவுடன் பொங்குகிற இரைச்சல் மெல்ல அடங்கும், அந்த அடங்கல்தான் பதம். கண் இருந்த காலத்திலும் ஆத்தா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்கு வந்தது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. பரம்பரையாக வருவது. என் அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது அப்பாவும் அம்மாவும், அத்தை மகன், மாமன் மகள். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கு உதவும் செல்கள் முதலில் சாகும். அதனால் சாயங்காலம் ஆனால் தடுமாற்றம். அப்புறம் பார்வையின் ஓரங்கள் போகும். எங்கள் ஊர் வீடுகளுக்குள் போனவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். முகப்பில் நின்றால் நிலைகள் எல்லாம் ஒரே நேராக இருக்கும். நடு முற்றமான வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, பின்தெரு வெளிச்சம் வரைக்கும் கண் போகும். பத்து வருஷம் எனக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது. எட்டத்தில் இருக்கிற பின்வாசல் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தூண் தெரியாது.

அந்தப் பத்து வருஷம்தான் மிகக் கஷ்டமான காலம். முழுதாகப் பார்வை இல்லாதவரைச் சனங்கள் புரிந்துகொள்கிறார்கள். அரைகுறையாகத் தெரிகிறவளை நம்புவதில்லை. பேப்பரில் பொடி எழுத்தை வாசிப்பேன், எதிரே வருகிற ஆள் மேல் மோதுவேன். "வாசிக்கத் தெரியுதுல்ல, இது மட்டும் தெரியாதா?" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. எழுத்தை வாசிக்கும் கூர்மை எப்படி இருந்தாலும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே இறங்கினால் அது குறைபார்வை. 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை. அந்த வரியை முதன்முதலில் படித்தபோது, யாரோ என் பக்கம் நின்று பேசுவதுபோல் இருந்தது.

அந்தக் காலத்தில் எனக்குக் கை கொடுத்தவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்குவது. கணினியில் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குவது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் சில செயலிகளில் 'அனுப்பு' என்கிற பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். இன்னும் சிலர் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதுகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். தமிழுக்கு இது மிகவும் முக்கியம். நமக்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறது. அது மங்கிப்போனால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். ண, ன வித்தியாசம் ஒரே ஒரு சுழிதான். தமிழில் செயலி செய்கிறவர்கள் தயவுசெய்து அழுத்தமான எழுத்தைப் போடுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் இல்லை, கண்புரை வந்த உங்கள் ஐயாவுக்கும் ஆயாவுக்கும் அது வேண்டும்.

நடுவில் குழாய்போல் மிஞ்சியிருந்த அந்தப் பார்வையும் அடைந்துபோனது. ஏழெட்டு மாதம் போனைத் தொடவே இல்லை. தேவகோட்டையில் ஒரு பள்ளி ஆசிரியர், அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர் மூலமாக என்னோடு பேசினார். "ஆச்சி, போனின் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஒலி விசையையும் சேர்த்து அழுத்திப் பிடிங்க" என்றார். மூன்று விநாடி பிடித்தேன். போன் பேச ஆரம்பித்தது. டாக்பேக் என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு போன்களில் அநேகமாக எல்லாவற்றிலும் முன்பே இருப்பது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஐந்து வருஷமாக என் கையில் இருந்த போனுக்குள் அது பேசாமல் கிடந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, மருத்துவமனையில்கூட.

அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. எது வாசிக்கப்படுகிறதோ அதைத் திறக்க இரண்டு தட்டு. முதல் வாரம் ஒரு போன் அழைப்பை எடுக்கவே திணறினேன். இப்போது அது பேசுகிற வேகத்தைக் கேட்டால் மற்றவர்களுக்கு என்ன மொழி என்றே புரியாது. கணக்கு எழுதும் கணினியில், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, அப்புறம் ஜேம்ஸ் தே என்ற நண்பர் சேர்ந்துகொண்டார், அவருக்கும் பார்வை இல்லை. சிறு வயதில் இசை முகாம் ஒன்றில் பழக்கமானவர்கள். அதுவரை இந்த மாதிரி மென்பொருளை வாங்கப் பெருந்தொகை வேண்டும். இவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் வரும் தமிழ்க் குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல்தான் இருக்கும். இருந்தாலும் அந்தக் குரலில்தான் நான் திரும்பவும் கணக்கு எழுதினேன். எனக்கு அது இனிமை.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பேசி அனுப்புகிறவர்கள் எனக்குத் தெய்வம். தமிழில் தட்டச்சு செய்தாலும் நன்றாக வாசித்துவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால்தான் சிரமம். ஆங்கிலக் குரல் அதை எடுத்துக்கொண்டு 'தேன்குழல்' என்பதைத் 'தென்குஸால்' என்று வாசிக்கும். பழகிவிட்டது, புரிந்துகொள்வேன். பெரியவர்கள் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். அச்செழுத்தை வாசிக்கும் செயலிகள் கையெழுத்தில் தடுமாறும். இப்போது வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கையெழுத்தையும் வாசிக்கின்றன, ஆனால் தயங்காமல் தப்பாகவும் வாசிக்கின்றன. ஒருமுறை சீப்புச்சீடை 12 கிலோ என்று ஒன்று வாசித்தது. மனசு கேட்கவில்லை, அந்த ஆச்சிக்குப் போன் போட்டேன். அவர் எழுதியது அரை. ஒன்று, கோடு, இரண்டு. கோட்டை அது விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்த அளவானாலும் ஒரு தடவை வாயால் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

எடை போடுவது இன்னொரு கதை. எலக்ட்ரானிக் தராசில் எண்கள் வெளிச்சக் கோடுகளால் ஆனவை. அச்செழுத்தை வாசிக்கிற செயலிகளுக்கு அந்தக் கோட்டு எண் பெரும்பாலும் பிடிபடாது. அதனால் அப்பச்சி காலத்துத் தட்டுத் தராசைப் பரணிலிருந்து இறக்கினேன். எந்தப் படிக்கல் என்று விரலுக்குத் தெரியும், முள் நேராக நிற்பதைத் தொட்டுப் பார்க்கலாம். வாங்குகிறவர்கள் முன்னால் எலக்ட்ரானிக் தராசிலும் ஒருமுறை வைத்துக் காட்டுவோம்.

பணம் வாங்குவதில் எனக்கு நல்லது செய்தது, கடைகளில் பேசுகிற அந்தச் சின்னப் பெட்டி. ஸ்கேன் செய்து பணம் போட்டதும் இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சொல்லிவிடும். பார்வையற்றவர்களை நினைத்து யாரும் அதைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. நெரிசலான கடையில் கை வேலையாக இருக்கிற வியாபாரிக்காக வந்தது. ஆனால் என் கடையில் நான் தனியாக உட்கார்ந்து பணம் வாங்க முடிகிறதென்றால் அதனால்தான்.

ரூபாய் நோட்டு அப்படி இல்லை. 2016க்கு முன்னால் இருந்த நூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். விரல் இடுக்கில் வைத்தால் போதும். இப்போது நூறு 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. நாலு மில்லிமீட்டர் என்றால் ஒரு பச்சரிசி நீளம்கூட வராது. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான். ஓரத்தில் மேடான கோடுகள் இருக்கின்றன, நூறுக்கு நாலு, ஐந்நூறுக்கு ஐந்து. புது நோட்டில் தெரியும். பத்துக் கை மாறி, எண்ணெயும் வேர்வையும் பட்ட நோட்டில் எதுவும் மிஞ்சாது. 2020 ஜனவரி 1ஆம் தேதி ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு செயலி கொடுத்தது, கேமரா முன்னால் நோட்டைப் பிடித்தால் எவ்வளவு என்று சொல்லும், இணையம் வேண்டாம். நல்லதுதான். ஆனால் மாவுக் கையோடு போனைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு நோட்டாகக் காட்டிக்கொண்டிருந்தால் எதிரே நிற்கிறவர் பொறுக்க வேண்டும். நாணயத்தில் நன்றாக யோசித்திருக்கிறார்கள். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம். கை போட்டவுடன் தெரிந்துவிடும். அந்த யோசனையை நோட்டிலும் காட்டியிருக்கலாம்.

ஏடிஎம் பற்றி இரண்டு வரி. 2014 ஜூலை 1க்குப் பிறகு வைக்கிற ஒவ்வொரு ஏடிஎம்மும் பேச வேண்டும், விசையில் பிரெய்ல் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான் போகிற ஏடிஎம்மில் பிரெய்ல் புள்ளி இருக்கிறது, இயர்போன் செருகும் துளையும் இருக்கிறது, செருகினால் சத்தம் வருவதில்லை. நான்கு தடவை எழுதிக் கொடுத்தேன்.

இனி அந்தப் பட்டன்.

பார்சல் பதிவு செய்ய ஒரு செயலி வைத்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பெயர், முகவரி, எடை எல்லாம் ஒழுங்காக வாசிக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்தால், கீழே ஐந்து பட்டன். விரலைத் தள்ளினால் "அன்லேபிள்டு, பட்டன்". மறுபடி தள்ளினால் "அன்லேபிள்டு, பட்டன்". ஐந்துக்கும் அதே. பெயர் வைக்கப்படாத பட்டன் என்று டாக்பேக் சொல்கிறது. டாக்பேக்கால் அவ்வளவுதான் சொல்ல முடியும். பார்வை உள்ளவர்களுக்கு அங்கே படம் தெரியும், பென்சில், குப்பைத்தொட்டி, டிக் குறி. எனக்கு ஐந்தும் ஒன்று.

போன தீபாவளிக்கு முன்னால் பதினோரு பெட்டிக்கு முகவரி போட்டு முடித்தேன். இரண்டு மணி நேர வேலை. இடமிருந்து நாலாவது பட்டன்தான் சேமிக்கும் பட்டன் என்று எண்ணி வைத்திருந்தேன். அந்த வாரம் செயலியைப் புதுப்பித்திருக்கிறார்கள், இடம் மாறியிருக்கிறது. நாலாவதைத் தட்டினேன். பதினொன்றும் அழிந்துபோனது. திரும்பப் போட்டு முடிப்பதற்குள் அன்றைய வண்டி கிளம்பிவிட்டது. ஒன்பது பெட்டி மறுநாள் போய்ச் சேர்ந்தது. இரண்டு பெட்டி தீபாவளி கழித்துத்தான் போனது. அதில் ஒன்று, தலைதீபாவளி வீட்டுக்கு. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, "பரவாயில்லை ஆச்சி" என்றார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

டாக்பேக்கில் நாமே பட்டனுக்குப் பெயர் போட்டுக்கொள்ளும் வசதி உண்டு. நானும் போட்டேன். ஆனால் அது என் போனில் மட்டும்தான் பேசும், அதுவும் எல்லாப் பட்டனுக்கும் முடியாது. செயலியின் உள்கட்டமைப்பு மாறினால் போட்ட பெயர் காணாமல் போகலாம், எனக்குப் போனது. கடையில் வெட்டித் தர வேண்டிய பேரை வீட்டில் சாக்பீஸால் எழுதி வைத்த மாதிரி.

என் அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், செயலி செய்யப் பழகிக்கொண்டிருக்கிறான். அவனிடம் கேட்டேன், ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க எவ்வளவு வேலை என்று. "ஒரு வரி அயித்தை. கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்னு ஒண்ணு இருக்கு, அதுல எழுதினா போதும்" என்றான். ஒரு வரி. பதினோரு பெட்டி, தலைதீபாவளி, எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது.

அவன் செய்த செயலியையே கொண்டுவரச் சொல்லி விரலைத் தள்ளிப் பார்த்தேன். அதிலும் பெயர் இல்லை. முகம் வாடிப்போயிருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. உட்கார்ந்து எழுதினான். "பட்டன் ஒன்று, பட்டன் இரண்டு" என்று வாசித்தது. "ஏம்ப்பா, பாத்திரத்துல யாராவது 'பாத்திரம்'னு வெட்டுவாங்களா?" என்றேன். மறுபடி எழுதினான். "சிவப்பு வட்டத்துக்குள் குப்பைத்தொட்டிப் படம்" என்று வந்தது. நான் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறேன்? தட்டினால் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு வேண்டும். "நீக்கு" என்று ஒரே சொல் போதும். 'பட்டன்' என்று சேர்க்கவும் வேண்டாம், அதை டாக்பேக்கே சொல்லும். இப்படி அன்று சாயங்காலம் முழுக்க வளவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தோம். சேமி. திருத்து. நீக்கு. பகிர். பின் செல். எனக்கு அது ஒரு நல்ல நாள்.

பெயர் வைப்பதோடு முடிகிற காரியம் இல்லை என்பதும் தெரியும். ஓர் அலுவலகத்திலிருந்து உரிமம் சம்பந்தமாக ஒரு கோப்பு வந்தது. தமிழில்தான் அடித்திருக்கிறார்கள், ஆனால் பழைய எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குறிகள். என்விடிஏ வாசித்தபோது "பவுண்ட், டில்டா, எல், காற்புள்ளி" என்று ஓடியது. 2010இலேயே தமிழக அரசு யூனிகோட் என்கிற ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. இன்னும் அந்தப் பழைய எழுத்துருக்கள் சில மேசைகளை விட்டுப் போகவில்லை. வங்கிக் கணக்குக்கு வீடியோவில் அடையாளம் சரிபார்த்தபோது, முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லி எழுத்து வந்ததாம். எழுத்தாக மட்டும். எனக்குச் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு "இப்ப சிமிட்டுங்க ஆச்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது. என் பணம், என் கணக்கு, என் முகம், அவள் கை.

இதே விஷயத்துக்காக அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றார்கள். கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழியும் வைக்க வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள். அந்தச் செய்தியை டாக்பேக் எனக்கு வாசித்த அன்று, வேகத்தைக் குறைத்து வைத்து இரண்டு தடவை கேட்டேன்.

பார்சல் நிறுவனத்துக்கு எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. மூன்றாவது தடவை எழுத்தை விட்டுவிட்டோம். கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரலைத் தள்ளித் தள்ளி, ஐந்து முறை "அன்லேபிள்டு, பட்டன்" என்று வருவதை அப்படியே ஒலிப்பதிவு செய்து அனுப்பினான் அண்ணன் மகன். எட்டு நாளில் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். செயலி எழுதுகிறவர்களில் ஒருவராம். "நாங்க இதைக் காதால கேட்டதே இல்லைம்மா" என்றார். எந்தப் பக்கம், எந்தப் போன், என்ன வரிசை என்று முக்கால் மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்கு மேல் நான் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் புதுப்பித்திருக்கிறார்கள். நாலு பட்டன் பெயரோடு பேசுகிறது. இன்று மத்தியானம் ஏழு பெட்டிக்கு முகவரி போட்டேன். "சேமி, பட்டன்" என்றது. கூடத்தில் யாரும் இல்லை. தட்டினேன், ஏழும் அழியாமல் நின்றது. ஐந்தாவது இன்னும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் எழுதி அனுப்பினேன். பாகு ஊற்றி வைத்த அதிரச மாவு நாளைக்குப் பதம் வந்துவிடும், அதற்குள் பதில் வந்தாலும் வரலாம்.